பாம்பு கடித்தவரை மந்திரிக்கக் கூட்டிப்போகும் ஊரில் அறிவியலைப் பேசுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

"ஆஸ்பத்திரிக்குப் போனவன் பொணமா வந்தான். பார்வை பாத்தவன் இன்னிக்கும் ஏர் ஓட்டிக்கிட்டு இருக்கான். இதுக்கு என்ன சொல்ற?"

திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் என்னைக் கேட்டது இது. பாம்பு கடித்தவருக்கு மந்திரிப்பதைத்தான் பார்வை பார்ப்பது என்கிறார். பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. அறிவியல் பிரச்சாரத்துக்குப் போன புதிது. கையில் துண்டறிக்கை இருந்தது. "அதெல்லாம் மூடநம்பிக்கை தாத்தா" என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். அவரோடு இன்னும் நான்கு பேர் எழுந்தார்கள். அந்த ஊரில் அன்றைக்கு அதற்குமேல் யாரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவர் பொய் சொல்லவில்லை என்பது எனக்கு உறைக்க வெகுநாள் ஆயிற்று. செத்தவரும் உண்மை, ஏர் ஓட்டுகிறவரும் உண்மை. அவர் கண்ணால் கண்டது சரி, கண்டதற்குச் சொன்ன காரணம்தான் தவறு. இந்த இரண்டையும் பிரித்துப் பேசத் தெரியாதவர் எவ்வளவு படித்திருந்தாலும், எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு "நீ குருடன்" என்று சொல்வதாகத்தான் கேட்கும். கீழே எழுதியிருப்பது முழுக்க அந்தப் பிரிவினையைச் செய்யும் வழி. பாம்புக்கடியை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், எனக்கு அதில்தான் அனுபவம். தடுப்பூசிக்கும் நாய்க்கடிக்கும் மஞ்சள் காமாலைக்கும் இதே வழி பெரும்பாலும் செல்லும்.

இது சின்ன விஷயம் இல்லை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்பு கடித்து இறந்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர் என்று 2020இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. சராசரியாக ஆண்டுக்கு 58,000 உயிர். அதில் கால்வாசிக்கு மேல் 15 வயதுகூட நிரம்பாத பிள்ளைகள். உலக சுகாதார நிறுவனம் 2017இல் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாட்டில் 2024 நவம்பரில்தான் பாம்புக்கடி அறிவிக்கப்பட வேண்டிய நோய் ஆனது. அதாவது, யார் கடிபட்டு வந்தாலும் மருத்துவமனை அதை அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். மருந்து இருக்கிறது, அரசு மருத்துவமனையில் இலவசமாகவும் கிடைக்கிறது. அப்படியும் போகிற உயிரில் பெரும்பங்கு, கடிபட்ட இடத்துக்கும் மருந்துக்கும் நடுவே தொலைந்துபோகிற சில மணி நேரத்தில் போகிறது.

படி 1: எதோடு மல்லுக்கட்டுவது என்று முதலில் தீர்மானியுங்கள்

எந்த ஊருக்குப் போனாலும் பாம்பைப் பற்றி ஒரு மூட்டை நம்பிக்கை இருக்கும். கொம்பேறி மூக்கன் கடித்தால், கடிபட்டவரைச் சுடுகாட்டில் எரிக்கும் புகை தெரிகிறதா என்று மரத்தில் ஏறிப் பார்த்துவிட்டுத்தான் போகும். பச்சைப் பாம்பு கண்ணைக் கொத்தும். மண்ணுளி நக்கினால் குஷ்டம் வரும். நல்ல பாம்பு பால் குடிக்கும், அடித்தவனை நினைவில் வைத்துப் பழிவாங்கும். எல்லாமே தவறு. கொம்பேறி மூக்கனுக்கு மனிதரைக் கொல்லும் விஷமே கிடையாது.

ஆனால் இவற்றில் கடிபட்டவரின் உயிரைக் குடிப்பது ஒன்றே ஒன்றுதான்: ஏறிய விஷத்தை மந்திரத்தாலும் பச்சிலையாலும் இறக்கிவிடலாம் என்பது. அதை மட்டும் எடுங்கள். புற்றுக்குப் பால் ஊற்றுவதைப் பற்றி வாயே திறக்காதீர்கள். வெள்ளிக்கிழமை புற்றுக்கு மஞ்சள் தெளிக்கிற அம்மா, பேரனை அரை மணி நேரத்தில் மருத்துவமனையில் சேர்க்கத் தயாராக இருந்தால் உங்கள் வேலை முடிந்தது. எல்லாவற்றையும் ஒரே மாலையில் விடச் சொல்கிறவர், விட்டே ஆக வேண்டியதையும் சேர்த்துக் கோட்டைவிடுகிறார். நம் ஊரில் பகுத்தறிவு பேசும் மரபு பெரியது, நானும் அதில் வளர்ந்தவன்தான். மேடையில் கைதட்டல் வாங்கும் பேச்சு வேறு, திண்ணையில் ஒருவர் மனதை மாற்றும் பேச்சு வேறு என்பதை மட்டும் அந்த மேடைகள் எனக்குச் சொல்லித்தரவில்லை.

படி 2: கேளுங்கள், திருத்தாதீர்கள்

முதல் நாள் எதையும் சொல்லித்தரப் போகாதீர்கள். "இந்த ஊர்ல பூச்சி கடிச்சுப் பிழைச்சவங்க யாராச்சும் இருக்காங்களா?" என்று மட்டும் கேளுங்கள். பூச்சி என்றே சொல்லுங்கள். விளக்கு வைத்த பிறகு பாம்பு என்று வாய்விட்டுச் சொல்லக் கூசுகிறவர்கள் இன்னும் நிறைய இருக்கிறார்கள். அந்தச் சொல்லை நீங்கள் மதித்தால் அவர்கள் உங்களை மதிப்பார்கள்.

கதைகள் வந்து கொட்டும். ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எந்த மாதம், என்ன நேரம், எங்கே கடித்தது, பாம்பைப் பார்த்தார்களா, பார்த்தவர் யார், எப்போது வைத்தியரிடம் போனார்கள், எப்போது மருத்துவமனைக்குப் போனார்கள். கடைசிக் கேள்விதான் முக்கியம். "முடியலன்னு தெரிஞ்ச பிறகு தூக்கிட்டுப் போனோம்" என்ற பதில் திரும்பத் திரும்ப வரும். அதைக் கேட்டதும் பிடித்துக்கொண்டு வாதிடத் தோன்றும். எழுதிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு வாருங்கள்.

படி 3: பத்துப் புளியங்கொட்டை

இந்த வேலையின் உயிர்நாடி இதுதான், பொறுமையாகச் செய்யுங்கள். அந்தப் பெரியவரின் கேள்விக்கான பதிலும் இதற்குள் இருக்கிறது.

கோயில் வாசலிலோ நூறு நாள் வேலை நடக்கும் ஏரிக்கரையிலோ நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது பத்துப் புளியங்கொட்டையை எடுத்துத் தரையில் வையுங்கள். "பூச்சி கடிச்சு வைத்தியர்கிட்ட பத்துப் பேர் வந்தாங்கன்னு வச்சுக்குவோம். இது ஒரு பேச்சுக்கு, கணக்குப் புரியறதுக்கு." இப்படிச் சொல்லிவிடுவது முக்கியம், இல்லையென்றால் நாளைக்கு அந்த எண்ணே ஊரில் புள்ளிவிவரமாக உலவும்.

"நம்ம வயக்காட்டுல அதிகமா கண்ணுல படறது எது?"

"சாரை. தண்ணிப் பாம்பு."

"அதுக்கு விஷம்?"

"அதுக்கு ஏது விஷம்."

"இருட்டுல மிதிச்சுக் கடிச்சா, கடிச்சது சாரையா விரியனான்னு தெரியுமா?"

"எப்படித் தெரியும்? வெடுக்குனு போயிடுமே."

"அப்ப இந்தப் பத்துல விஷமில்லாதது கடிச்சு வந்தவங்க எத்தனை பேர் இருப்பாங்க? நீங்களே ஒதுக்குங்க."

கொட்டையை அவர்கள் கையால்தான் நகர்த்த வேண்டும். ஆறு என்பார் ஒருவர், ஏழு என்பார் இன்னொருவர். ஆறு ஒதுங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கேள்வி: நல்ல பாம்போ விரியனோ கடித்தால் ஒவ்வொரு கடியிலும் விஷம் இறங்குமா? பாம்போடு புழங்கியவர்கள் யாராவது இருந்தால் அவர்களே சொல்லிவிடுவார்கள், பல்லு பட்டும் விஷம் இறங்காத கடி உண்டு என்று. பொய்க்கடி. மருத்துவர்களும் இதை ஒப்புக்கொள்கிறார்கள், விஷப்பாம்பு கடித்தவர்களில் கணிசமானோருக்கு விஷம் ஏறுவதில்லை. அதற்கு இரண்டு கொட்டை ஒதுக்குவார்கள். இப்போது நடுவில் மிச்சம் இரண்டு.

"ஒதுக்கின எட்டுப் பேரும் வைத்தியர் வேப்பிலை அடிச்சாலும் பிழைப்பாங்க. சும்மா பாய்ல படுத்திருந்தாலும் பிழைப்பாங்க. சரியா?"

தலையாட்டுவார்கள்.

"மிச்சம் ரெண்டு பேர் என்ன ஆனாங்க?"

இங்கே நீங்கள் பேசக் கூடாது. எவ்வளவு நேரம் ஆனாலும் காத்திருங்கள். நான் போன ஊர்களில் எல்லாம் பதில் கூட்டத்தில் இருந்துதான் வந்திருக்கிறது, பெரும்பாலும் ஒரு பெண்ணிடமிருந்து: "வைத்தியர் கைய விரிச்சதும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவாங்க." எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். "விடிஞ்ச பிறகு." அதற்குப் பிறகு யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். அந்த இரண்டு கொட்டையையும் அவர்களே எடுத்து மருத்துவமனைப் பக்கம் வைப்பார்கள்.

பிழைக்க இருந்த எட்டும் வைத்தியர் கணக்கில் ஏறின. சாகக் கிடந்த இரண்டும் மருத்துவமனைக் கணக்கில் ஏறின. "ஆஸ்பத்திரிக்குப் போனவன் செத்தான், பார்வை பாத்தவன் பிழைச்சான்" என்பது இப்படித்தான் ஒரு பொய்யும் கலக்காமல் ஊரில் உண்மையாகிறது.

நாய்க்கடியிலும் இதுவே நடக்கிறது. கடிக்கிற நாய் எல்லாவற்றுக்கும் வெறி இருப்பதில்லை, அதனால் பச்சிலை கட்டியவர்களில் பலர் நன்றாகத்தான் இருப்பார்கள். வெறிநாய் கடித்தவருக்கு மட்டும், தண்ணீரைக் கண்டு மிரளும் அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். மஞ்சள் காமாலையில் ஒரு வகை சில வாரத்தில் தானாகவே இறங்கும், கீழாநெல்லிக்கு நல்ல பெயர் வந்துவிடும். பித்தக்குழாயைக் கல் அடைத்து வந்த காமாலை அப்படி இறங்காது. ஒரு முறை கொட்டையை நகர்த்தியவர்களுக்கு இந்தக் கணக்குகள் தானாகவே ஓட ஆரம்பித்துவிடும்.

படி 4: வைத்தியரிடம் தனியாகப் போங்கள்

கூட்டத்தில் அவரை ஒரு சொல் குறைத்துப் பேசாதீர்கள். நள்ளிரவில் கதவைத் தட்டினால் எழுந்து வருகிறவர் அவர். வெற்றிலை பாக்குக்கு மேல் பலர் கை நீட்டுவதில்லை. "ஒண்ணும் ஆகாது, பயப்படாத" என்று தலையைத் தொட்டுச் சொல்கிறார். பதறிப் போன வீட்டுக்கு அந்த ஒரு சொல் பெரிய ஆறுதல். அவர் இடத்தை அழித்துவிட்டு அங்கே நீங்கள் உட்கார முடியாது, ஏனென்றால் அந்த நள்ளிரவில் நீங்கள் அந்த ஊரில் இருக்கப் போவதில்லை.

அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "வண்டி வர்ற வரைக்கும் நீங்க மந்திரிங்க. ஆனா முதல்ல வண்டி." மந்திரத்தால் கெடுதல் இல்லை, அதில் போகிற நேரத்தால்தான் கெடுதல். கூடவே இரண்டு வேண்டுகோள். கடிவாயைக் கீற வேண்டாம், வாய்வழியே எதுவும் கொடுக்க வேண்டாம். கட்டுவிரியன் விஷம் ஏறியவருக்குத் தொண்டைத் தசை தளர்ந்துபோகும், குடிக்கக் கொடுத்த கஷாயம் மூச்சுக்குழாயில் இறங்கிவிடலாம்.

சிறியாநங்கை இலையைக் கொடுத்துக் கசக்கிறதா என்று கேட்டு, கசந்தால் விஷம் ஏறவில்லை என்று வீட்டுக்கு அனுப்பும் பழக்கம் பல இடங்களில் உண்டு. இதைப் பற்றி அவரிடம் கட்டாயம் பேசுங்கள். நாக்கின் ருசிக்கும் உடம்பில் ஏறிய விஷத்துக்கும் சம்பந்தமே இல்லை. கட்டுவிரியன் ராத்திரியில், தரையில் படுத்துத் தூங்குகிறவர்களைத்தான் அதிகம் கடிக்கிறது. வலி இருக்காது, பல் பட்ட தடம்கூடத் தெரியாது. வயிற்று வலியோடு எழுந்திருப்பார், அஜீரணம் என்று சோடா வாங்கிக் கொடுப்பார்கள். அந்த நேரத்தில் இலையைக் கொடுத்தால் கசக்கத்தான் செய்யும். விடியும்போது இமை சொருகும், பேச்சுக் குழறும், பிறகு மூச்சுத் தசைகள் ஒவ்வொன்றாக ஓயும். இதை அவரிடம் குற்றமாகச் சொல்லாமல், ஒரு வைத்தியர் இன்னொரு வைத்தியருக்குச் சொல்வது போலச் சொல்லுங்கள். தன் கையில் உயிர் போவதை எந்த வைத்தியரும் விரும்புவதில்லை. நான் பேசியவர்களில் சிலர் மசியவே இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர்களோடு சண்டைக்குப் போகாமல் ஊராரிடம் கூடுதலாக உழைப்பது ஒன்றுதான் வழி.

படி 5: மருத்துவமனையின் மேல் உள்ள பயத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

அறியாமையால்தான் போகவில்லை என்று நினைப்பது நம் சோம்பேறித்தனம். போகாததற்கு வேறு காரணங்கள் நிறைய. ராத்திரியில் வண்டி கிடைக்காது. கூலி போகும், கூட இருக்க ஆள் இல்லை. "எந்தப் பாம்புன்னுகூடத் தெரியாமலா வந்தீங்க" என்று அதட்டுவார்கள். மருந்து இல்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்று திருப்பி அனுப்புவார்கள். இந்தக் கடைசிக் குறையை நானே நேரில் பார்த்திருக்கிறேன். என் கண்முன்னால் ஒரு பையனை இரண்டு இடத்தில் திருப்பி அனுப்பினார்கள், மூன்றாவது இடத்தில்தான் ஊசி போட்டார்கள். பிழைத்தான். அந்தக் குடும்பத்திடம் போய் அறிவியலை நம்புங்கள் என்று சொல்ல எனக்கு எந்த உரிமையும் இருக்கவில்லை. வழியை முதலில் சரி செய்துவிட்டுத்தான் நம்பச் சொல்ல வேண்டும்.

அதனால் மழைக்காலத்துக்கு முன்பே, ஊரில் மூன்று நான்கு பேரோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். பாம்பு விஷமுறிவு மருந்து எத்தனை குப்பி இருக்கிறது, ராத்திரியில் பணியில் இருப்பது யார், செயற்கைச் சுவாசக் கருவி எந்த மருத்துவமனையில் இருக்கிறது, அங்கே போக எவ்வளவு நேரம் ஆகும், எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். மருந்து இல்லையென்றால் ஊர் சார்பில் மனுக் கொடுங்கள். இந்தச் சந்திப்பு ஒன்று நடந்துவிட்டால், கடிபட்ட ராத்திரி அந்தக் கட்டடம் அவர்களுக்கு அந்நியமாகத் தெரியாது.

படி 6: எப்படித் தெரியும் என்பதைக் கண்முன் காட்டுங்கள்

"டாக்டர் சொன்னார்" என்பதும் "வைத்தியர் சொன்னார்" என்பதும் கேட்கிறவருக்கு ஒன்றுதான். வித்தியாசம், ஒருவர் சொல்வதைச் சோதித்துப் பார்க்க முடியுமா என்பதில் இருக்கிறது. அதைப் பேச்சால் விளங்க வைப்பது கடினம், கண்ணாடிக் குழாயால் சுலபம்.

மனமுள்ள மருத்துவர் ஒருவர் கிடைத்தால் இதைச் செய்யச் சொல்லுங்கள். நாங்கள் செய்தபோது அந்த மருத்துவர் தன் கையில் இருந்தே 2 மில்லி ரத்தம் எடுத்தார். சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் ஊற்றி மேசை மேல் நிறுத்தினார். பிளாஸ்டிக் ஆகாது, ரத்தம் உறைவதைத் தூண்டுவது கண்ணாடிதான் என்றார். யாரும் தொடக் கூடாது, ஆட்டக் கூடாது. சுவர்க் கடிகாரத்தில் 20 நிமிடம். அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டு அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நேரம் ஆனதும் குழாயைக் கவிழ்த்தார். ரத்தம் கீழே விழவில்லை. நன்றாகத் தோய்ந்த தயிர் மாதிரி அப்படியே நின்றது.

"கண்ணாடி விரியன் கடிச்சு விஷம் ஏறியிருந்தா, 20 நிமிஷம் ஆனாலும் இது தண்ணியா ஓடும். ஓடுச்சுன்னா மருந்து ஏத்துவோம். ஆறு மணி நேரம் கழிச்சு மறுபடி எடுத்துப் பார்ப்போம். உறைஞ்சா மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்றார்.

பின்வரிசையில் இருந்த ஒரு அம்மா கேட்டார்: "அப்ப மந்திரிச்ச பிறகும் ரத்தத்த எடுத்து இந்தக் குழாயில ஊத்திப் பாக்கலாமே? இறங்குச்சா இறங்கலையான்னு தெரிஞ்சிடுமே?"

நான் எத்தனையோ கூட்டத்தில் விளக்க முயன்று தோற்ற விஷயத்தை, பள்ளிக்கூடம் போகாத அந்த அம்மா ஒரே கேள்வியில் தொட்டுவிட்டார். மருத்துவர், "தாராளமா பாக்கலாம்மா. ஆனா அதுக்காக மருந்து ஏத்தறத நிறுத்தி வைக்க முடியாது" என்றார். அன்றைக்கு அதற்குமேல் பேச எதுவும் இருக்கவில்லை.

மருந்து எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லுங்கள். அது வெளிநாட்டுச் சரக்கு என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். மாமல்லபுரம் பக்கத்தில் வடநெம்மேலியில் 1978 முதல் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து வந்து, துணி கட்டிய மண்பானையில் வைத்துப் பராமரிக்கிறார்கள். மேலே சவ்வு போர்த்திய கண்ணாடிக் கிண்ணத்தைக் கடிக்க விட்டு விஷத்தை எடுக்கிறார்கள். சில வாரங்களில் பாம்பைத் திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்குச் செலுத்தினால் குதிரையின் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் உண்டாகும். அதைப் பிரித்துத்தான் மருந்து செய்கிறார்கள். இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. நாடெங்கும் உயிர் காக்கும் மருந்துக்குப் பின்னால் நம் மண்ணின் பாம்பறிவு இருக்கிறது என்று கேட்கும்போது, இருளர் குடியிருப்பு உள்ள ஊர்களில் முகங்கள் மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

படி 7: குறையை மறைக்காதீர்கள்

"முன்னல்லாம் நீங்கதானே இறுக்கிக் கட்டச் சொன்னீங்க? கீறி உறிஞ்சச் சொன்னீங்க?" என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். நியாயமான கேள்வி. ஆமாம், சொன்னோம். இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று காலே அழுகிப்போவதையும், கட்டை அவிழ்க்கும்போது விஷம் மொத்தமாக ஏறுவதையும் பார்த்த பிறகு மாற்றிக்கொண்டோம். இதைத் தயங்காமல் ஒப்புக்கொள்ளுங்கள். தவறு தெரிந்ததும் மாற்றிக்கொள்கிற பழக்கம் எங்கே இருக்கிறது என்பதை அவர்களே எடைபோட்டுக்கொள்வார்கள்.

மருந்துக்கும் எல்லை உண்டு. சிலருக்கு ஒவ்வாமை வரும், அதனால்தான் அட்ரினலின் ஊசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏற்றுகிறார்கள். கடிவாயில் அழுகிய சதையை அது மீட்டுத் தராது. நேரம் கடந்து போனால் கட்டுவிரியன் கடிக்கு மருந்து மட்டும் போதாது, நாள்கணக்கில் சுவாசக் கருவி வேண்டியிருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் உள்ள சில விரியன்களுக்கு இந்த மருந்து வேலை செய்யாது. "போனா நிச்சயம் பிழைச்சுடலாம்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ஒரே ஒரு சாவு அந்த வாக்கையும் உங்களையும் சேர்த்துப் புதைத்துவிடும். சீக்கிரம் போனால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம் என்று சொல்லுங்கள், அதுதான் உண்மை.

படி 8: கையில் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கொடுங்கள்

நம்பிக்கை மாறினாலும் அந்த நேரத்தில் கை பழைய வேலையைத்தான் செய்யும். அதனால் செய்து காட்டிப் பழக்குங்கள். மோதிரம், வளையல், மெட்டி, கொலுசைக் கழற்ற வேண்டும், வீக்கம் வந்தால் கழற்ற முடியாது. கடிபட்ட காலோ கையோ அசையாமல் ஒரு மட்டையோ குச்சியோ வைத்துத் துணியால் தளர்வாகச் சுற்ற வேண்டும். நடக்க விடக் கூடாது. 108ஐ அழைக்க வேண்டும், வண்டி தாமதமானால் பைக்கில் நடுவில் உட்கார வைத்துப் பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு போகலாம். பாம்பைத் துரத்திப் பிடிக்கப் போய் இன்னொருவர் கடி வாங்கக் கூடாது. எந்தப் பாம்பு என்று தெரியாவிட்டாலும் வைத்தியம் செய்ய முடியும், மேலே சொன்ன நான்கு பாம்புக்கும் ஒரே மருந்துதான். குழந்தைக்கும் பெரியவருக்கு ஏற்றும் அதே அளவுதான், ஆள் சின்னவர் என்று பாம்பு விஷத்தைக் குறைத்து விடுவதில்லை.

தரையில் பாயைப் போட்டுப் படுப்பவர்கள் கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிக்கொண்டால் கட்டுவிரியன் கடியில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். ராத்திரி வரப்பில் நடக்க டார்ச் விளக்கு. இதற்கு யாரும் எந்த நம்பிக்கையையும் விட வேண்டியதில்லை, அதனால் முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடலாம்.

இதையெல்லாம் யார் வாயால் சொல்வது என்பதையும் யோசியுங்கள். ஊசி போட்டுப் பிழைத்த ஒருவர் தன் காலில் உள்ள தழும்பைக் காட்டிச் சொன்னால், என் பேச்சு பத்துக்கு அது ஒன்று சமம். பள்ளிப் பிள்ளைகளும் நல்ல தூதர்கள். ஆனால் ஆயாவை எதிர்த்துப் பேச அவர்களைத் தூண்டிவிடாதீர்கள், வீட்டில் அடி வாங்குவதுதான் மிஞ்சும்.

படி 9: கடிபட்ட ராத்திரியில் வாதாடாதீர்கள்

அந்த நேரத்தில் விளக்கம் எதுவும் ஏறாது. அழுகைக்கு நடுவில் நீங்கள் வெல்ல வேண்டியது வாதத்தை இல்லை, வண்டிக்குள் ஆளை ஏற்றுவதை.

இரண்டு வருடத்துக்கு முன் ஐப்பசி மழையில் இரவு பத்தரை மணிக்கு ஒரு போன். ஆறு வயதுப் பேத்தி, கொல்லைப்புறம் போனபோது கணுக்காலில் கடி. மருமகள் வண்டிக்குச் சொல்லிவிட்டாள், ஆயா பிள்ளையைக் கொடுக்காமல் இடுப்பில் வைத்துக்கொண்டு வைத்தியர் வீட்டுக்குத்தான் போவேன் என்று வாசலில் நிற்கிறார். போனை ஆயாவிடம் கொடுக்கச் சொன்னேன். "ஆயா, மஞ்சத் துணியில ஒரு ரூபா முடிஞ்சு கையில வச்சுக்கங்க. மாரியாத்தாளுக்கு வேண்டிக்கிட்டே வண்டியில போங்க. பிள்ளைய நீங்களே மடியில வச்சுக்கங்க" என்றேன். கொஞ்ச நேரம் மறுமுனையில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "மஞ்சத்தூள் டப்பா எங்கடி" என்று மருமகளைக் கேட்கும் குரல்.

குழாயில் ஊற்றிய ரத்தம் 20 நிமிடம் கழித்தும் தண்ணீராகத்தான் ஓடியது. பத்துக் குப்பி மருந்து ஏறியது. ஆறு மணி நேரம் கழித்து எடுத்த ரத்தம் உறைந்தது. நாலாம் நாள் பிள்ளை வீட்டுக்கு வந்தாள், கணுக்கால் வீக்கம் வற்ற மட்டும் இரண்டு வாரம் ஆயிற்று.

ஆடி மாதம் கோயிலில் பொங்கல் வைத்து அந்த முடிந்த காசை உண்டியலில் போட்டார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள், போயிருந்தேன். பந்தியில் பக்கத்து வீட்டுப் பெண்களிடம் ஆயா சொல்லிக்கொண்டிருந்தார்: "ஆத்தாதான் எம்பேத்தியக் காப்பாத்துனா. ஆனா ஒண்ணு சொல்றேன், பூச்சி கடிச்சா அங்க இங்க நிக்காதீங்கடி, ஒடனே வண்டியக் கூப்பிடுங்க. அந்தக் குழாயில ரத்தம் ஒறையாம ஓடுனத எங்கண்ணால பாத்தேன்."